இரண்டு மலை, நடுவில் ஒரு சூரியன்: தொடக்கப் பள்ளிக் கலை வகுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகப்பட்டினம் பக்கம் ஒரு கடலோரத் தொடக்கப் பள்ளியில், "உங்க ஊரை வரைங்க" என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சொன்னேன். வந்த தாள்களில் பெரும்பாலானவை ஒன்றுபோலவே இருந்தன. இரண்டு முக்கோண மலை, நடுவில் பாதிச் சூரியன், அங்கிருந்து வளைந்து இறங்கும் ஆறு, ஓரத்தில் குடிசையும் ஒரு தென்னையும். அந்த ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை தெரியாது. கடலும் படகும் காயப்போட்ட வலையும்தான் தெரியும். சூரியன் தினமும் கடலிலிருந்துதான் எழுகிறது. இதெல்லாம் பிள்ளைகளுக்குத் தெரியாதா என்ன? ஆனால் 'படம்' என்றால் கரும்பலகையில் டீச்சர் போட்டுக் காட்டுவதுதான் என்று ஒன்றாம் வகுப்பிலேயே அவர்களுக்குப் பழகிவிட்டது.

முதல் தவறு அதுதான். போர்டில் ஒன்றை வரைந்து "பார்த்துப் போடு" என்று விட்டுவிடுவது. மறுநாள் தாளைக் கொடுக்கும் முன் பத்து நிமிடம் பேச மட்டும் செய்தேன். காலையில் படகு கரைக்கு வரும்போது யாரெல்லாம் அங்கே நிற்பாங்க? மீனை முதலில் யார் எடுப்பாங்க? அந்த நேரம் காக்கா எங்கே இருக்கும்? அப்புறம் வந்த படங்களில் மலையே இல்லை. ஐஸ் பெட்டி வந்தது, கூடை சுமக்கும் அத்தை வந்தார், படகைவிடப் பெரிய மீன் ஒன்று வந்தது.

அந்தப் பெரிய மீனைத் திருத்தத்தான் நமக்குக் கை பரபரக்கும். குழந்தையின் தாளில் நம் பென்சிலை வைப்பதை நான் மிகப் பெரிய தவறாக நினைக்கிறேன். நானும் சில வருடம் அதைச் செய்தவன்தான். ஒரு தடவை கண்ணையும் மூக்கையும் சரிசெய்து கொடுத்தால், அடுத்த தடவை "நீங்களே போட்டுத் தாங்க சார்" என்று தாள் நம்மிடமே வந்துவிடும்.

ஆஸ்திரியாவில் 1903-இல் பிறந்து, பின்னர் அமெரிக்காவில் கலை கற்பித்த விக்டர் லோவன்ஃபெல்ட், குழந்தைகளின் படங்களை வயதுக்கேற்ற நிலைகளாகப் பிரித்துக் காட்டினார். 2 முதல் 4 வயது வரை கிறுக்கல். 4 முதல் 7 வரை, தலையிலிருந்தே கையும் காலும் முளைக்கும் மனிதர்கள். 7 முதல் 9 வரை, தாளின் அடியில் ஒரு தரைக்கோடு போட்டு எல்லாரையும் அதன்மேல் நிற்க வைப்பார்கள். மனதுக்கு முக்கியமானது பெரிதாக இருக்கும். வீட்டுச் சுவர் வழியாக உள்ளே இருக்கும் அடுப்பும் பாட்டியும்கூடத் தெரியும். வயது ஒரு குழந்தையிலிருந்து இன்னொரு குழந்தைக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். ஆனாலும் வீட்டைவிட உயரமான அம்மா பிழை இல்லை. அந்தக் குழந்தைக்கு அம்மா எவ்வளவு பெரியவர் என்பதை அந்தப் படத்தில்தான் நாம் பார்க்கிறோம். அதை ரப்பர் போட்டு அழிக்கச் சொல்லாதீர்கள். வரையும் நேரத்தில் ரப்பரையும் ஸ்கேலையும் பைக்குள்ளேயே வைக்கச் சொல்லிவிடலாம்.

"இது என்ன?" என்ற கேள்வியும் வேண்டாம். புரியவில்லை என்று சொல்வதாகவே குழந்தை அதை எடுத்துக்கொள்ளும். "இதைப் பத்திச் சொல்லு" என்றால் கதையே வரும். எல்லாவற்றுக்கும் "சூப்பர்" என்பதைவிட, "வலையில ஒவ்வொரு கண்ணியும் போட்டிருக்கியே" என்று பார்த்ததைச் சொல்லுங்கள்.

இனி, நாம் கவனிக்காமலே காயப்படுத்துகிற இடம். கிரேயான் பெட்டியில் உள்ள வெளிர் ரோஸைப் பிள்ளைகள் 'ஸ்கின் கலர்' என்கிறார்கள். வகுப்பில் யாருடைய தோலும் அந்த நிறத்தில் இல்லை. இருந்தும் தன்னையும் அம்மாவையும் அதில்தான் தீட்டுகிறார்கள். நாம் அதைப் பார்த்தும் பேசாமல் கடந்துவிடுகிறோம். காபித்தூளை நீரில் குழைத்து, செங்கல் தூள், மஞ்சள்தூள், கரி எல்லாம் வைத்து, அவரவர் கையருகே தாளைப் பிடித்து நிறம் சேர்க்கச் சொல்லுங்கள். ஒரு வகுப்பிலேயே எத்தனை பழுப்பு இருக்கிறது என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். இதே தவறு நாடகத்தில் இன்னும் கொடுமையாக வரும். சிவந்த பிள்ளைக்கு இளவரசி வேடம், கறுத்த பிள்ளைக்கு அரக்கன், பேசத் தயங்குகிற பிள்ளைக்கு மரம். எட்டு வயதில் கிடைத்த அந்த அரக்கன் வேடத்தை அந்தப் பிள்ளை மறக்காது. வேடங்களை மாற்றி மாற்றிக் கொடுங்கள்.

நாடகம் என்றதும் வசனத் தாளை அடித்துக் கொடுப்பதும் வேண்டாம். மனப்பாடம் செய்த பிள்ளைக்கு அடுத்த வரி மறந்துவிடுமோ என்ற பயம் மட்டுமே இருக்கும். ஒரு நிலைமையைக் கொடுத்தால் போதும். "வலையில பங்குனி ஆமை மாட்டிக்கிச்சு. வலையை அறுத்தா அப்பா திட்டுவார். என்ன செய்வீங்க?" அறுக்கலாம், கூடாது என்று அன்றைக்கு எழுந்த வாக்குவாதம் மணி அடித்த பிறகும் ஓயவில்லை. வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன்தான் ஆமையாக நடித்தான்.

பாட்டில் சுருதியைக் கவனியுங்கள். நமக்கு வசதியான சுருதி பெரும்பாலும் பிள்ளைகளுக்குத் தாழ்வு. அவர்கள் பாடாமல் முணுமுணுத்தால் கொஞ்சம் ஏற்றி எடுங்கள். சினிமாப் பாட்டு ஏறி இறங்கும் தூரத்துக்குச் சின்னத் தொண்டை வராது, கத்தலாகிவிடும். கும்மிப் பாட்டும் தாலாட்டும் சில சுரங்களுக்குள்ளேயே சுற்றுவதால் வசதியாக இருக்கும்.

ஆண்டு விழாவுக்காக வாரக்கணக்கில் வகுப்பை நிறுத்திவிட்டு, ஓடுகிற பாட்டுக்கு வாயசைத்து ஆட வைப்பதைக் கலைக் கல்வி என்று என்னால் ஏற்க முடியவில்லை. அதில் நன்றாக ஆடுபவர்கள் முன்வரிசை, மற்றவர்கள் பார்வையாளர்கள். அரசுப் பள்ளிகளில் 2022 முதல் நடக்கும் கலைத் திருவிழா பல பிள்ளைகளுக்கு நல்ல மேடை. அங்கே போகிறவர்கள் சிலர்தான். வாராந்தரப் பாடவேளை எல்லாருக்கும் உரியது. கணக்கு முடியவில்லை என்று அதை எடுத்துக்கொள்வதும், சேட்டை செய்தவனைப் படம் வரைய விடாமல் உட்கார வைப்பதும் கூடாது. 2005-இன் தேசியப் பாடத்திட்ட வடிவமைப்பே (NCF) கலையைப் பத்தாம் வகுப்பு வரை ஒரு பாடமாக வைக்கச் சொன்னது.

கடைசியாக, சுவர். நல்ல படம் மூன்றை மட்டும் ஒட்டாதீர்கள். எல்லாருடைய படமும் வரட்டும், குழந்தையின் கண் உயரத்தில். மதிப்பெண் வேண்டாம். படத்தைப் பற்றி அந்தப் பிள்ளை சொன்ன ஒரு வரியைக் கீழே எழுதுங்கள், பின்பக்கம் தேதி போடுங்கள். ஜூனிலிருந்து ஏப்ரல் வரை சேர்த்து வைத்து, பெற்றோர் வரும்போது வரிசையாகப் பரப்பிக் காட்டுங்கள். விளக்கிச் சொல்லும் வேலையைப் பிள்ளையிடமே விட்டுவிடுங்கள்.