ஐப்பசியில் விகாரமகாதேவிப் பூங்கா: வலசைப் பறவைகளைப் பார்க்கப் பழகும் முறை

கொழும்பில் இலை சிவந்து உதிரும் பருவம் கிடையாது. வடக்கே குளிர் தொடங்கிவிட்டதை இங்கே பறவைகள்தான் வந்து சொல்லும். செப்டெம்பரில் முதல் கூட்டம் வரும். ஒக்டோபர், நவம்பரில் வரத்து கூடும். பெரும்பாலானவை ஏப்ரல் வரை தங்கும். அவற்றைப் பார்க்க சிங்கராஜாவுக்கோ வில்பத்துவுக்கோ போக வேண்டியதில்லை. கறுவாத்தோட்டத்தில் நகர மண்டபத்துக்கு எதிரே இருக்கும் விகாரமகாதேவிப் பூங்கா, அதாவது பழைய விக்டோரியா பூங்கா, புதிதாகத் தொடங்குவோருக்குப் போதும்.

1. மழைக்கு முந்திய காலையைப் பிடியுங்கள்

ஐப்பசி என்றால் அடைமழை என்று நாள் முழுவதையும் விட்டுவிடாதீர்கள். இது இரண்டு பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட காலம். காலையில் வெயில் தரையைச் சூடாக்கும், கடற்காற்று ஈரத்தை உள்ளே கொண்டுவரும், பிற்பகலில் இடியோடு கொட்டும். காலை பெரும்பாலும் வெளித்திருக்கும். சூரியன் 6 மணியளவில் உதிக்கும், 6.15க்கு உள்ளே நின்றால் 8.30 வரை நல்ல நேரம். அதன்பிறகு வெயில் ஏற ஏறப் பறவைகள் நிழலில் ஒடுங்கும், வாகன இரைச்சலில் அவற்றின் குரலும் கேட்காது. முதல்நாள் மழை பெய்திருந்தால் கட்டாயம் போங்கள். ஈரச் சருகில் புழுபூச்சி மேலே வரும், அதைத் தேடிப் பறவையும் கீழே இறங்கும்.

2. கொண்டுபோக வேண்டியவை

பைனாகுலர் வாங்குவதென்றால் 8×42 என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். முதல் எண் எத்தனை மடங்கு பெருக்கும் என்பது, இரண்டாவது முன்வில்லையின் விட்டம் மில்லிமீற்றரில். 10 மடங்கு, 12 மடங்கு என்று ஆசைப்பட்டால் கைநடுக்கமும் சேர்ந்து பெருகும், பார்வைப் பரப்பும் சுருங்கும். 42 மி.மீ. வில்லை மரநிழலின் மங்கல் வெளிச்சத்துக்குப் போதுமானது.

போவதற்கு முன் வீட்டிலேயே அதைச் சரிசெய்யுங்கள். வலது கண்ணை மூடி, நடுச்சக்கரத்தைத் திருப்பி, தூரத்துப் பெயர்ப்பலகை ஒன்றை இடது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடது கண்ணை மூடி, கண்வில்லையில் இருக்கும் வளையத்தை மட்டும் திருப்பி, அதே பலகையை வலது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பெரும்பாலான கருவிகளில் இந்த வளையம் வலப்பக்கம் இருக்கும். இதைச் செய்யாதவர்கள்தான் அரைமணி நேரத்தில் தலைவலி என்று கருவியை உறைக்குள் போட்டுவிடுகிறார்கள். ஏசி அறையிலிருந்து நேரே வெளியே எடுத்தால் வில்லையில் நீராவி படியும். துடைத்துத் துடைத்துப் பயனில்லை. வில்லை வெளிக்காற்றின் வெப்பத்துக்கு வரும்வரை 10, 15 நிமிடம் பொறுக்க வேண்டும். முதல்நாள் இரவே ஏசி இல்லாத இடத்தில் வைத்துவிடுவது நல்லது.

மங்கல் பச்சை, மண்ணிறத்தில் முழுக்கைச் சட்டை, நீளக் காற்சட்டை, நனைந்தால் வழுக்காத சப்பாத்து. நுளம்புக்குப் பூசும் களிம்பை மறக்க வேண்டாம்: டெங்கு பரப்பும் நுளம்பு அதிகம் கடிப்பது காலையிலும் பின்னேரத்திலும்தான், அதாவது நீங்கள் அங்கே நிற்கும் அதே நேரத்தில். குடை, தண்ணீர்ப் போத்தல், சிறு கொப்பி, பென்சில். ஈரத்தில் பேனாமை கரையும்.

3. நடப்பதைக் குறையுங்கள்

பூங்கா முழுவதையும் சுற்றிவர நினைப்பதே புதியவர்களின் முதல் தவறு. புல்வெளியும் உடற்பயிற்சி செய்வோர் ஓடும் பாதையும் நமக்கு வேண்டாம். மரநிழலில் சருகு கூட்டி அள்ளப்படாத மூலை ஒன்றைத் தேர்ந்து, முதுகை வெயில் பக்கம் வைத்து, 15 நிமிடம் அசையாமல் நில்லுங்கள். முதல் ஐந்து நிமிடத்தில் காகத்தையும் மைனாவையும் தவிர ஒன்றும் தெரியாது. உங்களைக் கண்டு ஒதுங்கியவை திரும்பிவர அவ்வளவு நேரம் எடுக்கும்.

அசைவு தெரிந்தால் பறவையிலிருந்து கண்ணை எடுக்காமல் பைனாகுலரை முகத்துக்குக் கொண்டுவாருங்கள். குனிந்து கருவியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் அது இருந்த கிளையே தெரியாமல் போகும். இதை வீட்டு மாடியில் நின்று காகத்தை வைத்துப் பழகலாம்.

4. எதைத் தேடுவது

ஆறுமணிக் குருவிதான் இந்தப் பருவத்தின் சிறப்பு. முதுகு பச்சை, கண் வழியே கறுப்புப் பட்டை, வாலடியில் சிவப்பு, குட்டை வால். இத்தனை நிறமிருந்தும் நிழலில் கண்ணுக்குப் படாது. தரையில் தத்தித் தத்திச் சருகைப் புரட்டும் சத்தத்தைத்தான் முதலில் கேட்பீர்கள். விடியும்போதும் இருளும்போதும் இரண்டு சுரத்தில் விசிலடிக்கும். அதன் குரலைத் தொலைபேசியில் போட்டு அழைக்காதீர்கள். இந்தியாவிலிருந்து பறந்துவந்து களைத்திருக்கும் பறவை அது. எதிரி வந்துவிட்டதென்று எண்ணி, இரை தேட வேண்டிய நேரத்தைச் சண்டைக்குச் செலவிடும்.

அதே நிழலில் ஒரு வாலாட்டி உடம்பை இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டு நடந்தால் அது கொடிக்கால் வாலாட்டி. மற்ற வாலாட்டிகள் மேலும் கீழுமாக ஆட்டும். வெளிப்பட்ட தாழ்ந்த கிளையில் கறுப்பு முகமூடியோடு கரகரவென்று கத்துவது பழுப்புக் கீச்சான். நீண்ட நாடா வாலோடு வெள்ளை நிற அரசவால் ஈப்பிடிப்பான் தெரிந்தால் அது விருந்தாளி என்று உறுதியாக எழுதலாம்; இலங்கையிலேயே வாழும் இனத்தின் ஆண் வெள்ளையாக மாறுவதில்லை.

மேலேயும் பாருங்கள். பெரிய மரங்களில் தலைகீழாகத் தொங்கும் பழந்தின்னி வௌவால்கள் ஆண்டு முழுவதும் இங்கேயே இருப்பவை. விரித்த சிறகு 1 மீற்றரைத் தாண்டும். கைதட்டிக் கிளப்பாதீர்கள், பகல் தூக்கம் கலைந்தால் அவற்றுக்குக் களைப்பு. அடியில் நடக்கும்போது குடை பிடியுங்கள். கீழே விழுந்து கிடப்பதை வெறுங்கையால் தொடக்கூடாது.

5. இடி கேட்டால்

மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணுங்கள். 3 விநாடிக்கு ஏறக்குறைய 1 கிலோமீற்றர். 30 விநாடிக்குள் இடி கேட்டால் பார்வை முடிந்தது, பக்கத்துப் பொது நூலகம் போன்ற கட்டடத்துக்குள் போய்விடுங்கள். மரத்தடி மிக மோசமான இடம்: மரத்தில் இறங்கும் மின்னல் பக்கத்தில் நிற்பவர்மீது தாவும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழிந்த பிறகே வெளியே வாருங்கள்.

6. வீட்டுக்குள் பறவை விழுந்தால்

இந்த மாதங்களில் களைத்த ஆறுமணிக் குருவிகள் கண்ணாடியில் மோதி மாடிகளிலும் முற்றங்களிலும் விழும். உடனே காகமும் பூனையும் வரும். மெல்லிய துணியால் மூடி எடுத்து, காற்றுத் துளையிட்ட மட்டைப்பெட்டியில் வைத்து மூடி, இருட்டான, சத்தமில்லாத இடத்தில் விடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது, அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். சோறு, பாண் எதுவும் வேண்டாம். அடிக்கடி திறந்து பார்க்கவும் வேண்டாம். சிறகு தொங்கினால் மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். இல்லையென்றால், பின்னேரம் காகங்கள் அடங்கிய பிறகு, பூனை வராத அடர்ந்த செடியடியில் பெட்டியைச் சரித்து மூடியைத் திறந்துவிட்டு விலகிநில்லுங்கள். கையில் எடுத்து மேலே எறிய வேண்டாம்; தரையில் வாழும் பறவை, தானாகவே நடந்து வெளியேறும்.