காருக்கும் மேடைக்கும் மணமக்கள் பெயர்: கிரேட் வைப்ஸ் எழுத்தில் ஸ்டிக்கர் வெட்டுவது எப்படி

இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை பக்கம் கல்யாணக் கார் கண்ணாடிக்கும் மண்டப மேடைக்கும் பெயர் வெட்டித் தரச் சொன்னால், ஆங்கிலத்தில் சாய்ந்து ஓடும் கூட்டெழுத்துத்தான் வேண்டும் என்கிறார்கள். அதற்கு நான் எடுப்பது கிரேட் வைப்ஸ் என்ற ஃபாண்ட் (எழுத்துரு). ராபர்ட் லுஷ்கி வடிவமைத்தது, கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசம், ஓபன் ஃபாண்ட் லைசன்ஸ் என்பதால் காசு வாங்கிச் செய்யும் வேலைக்கும் தாராளமாகப் பாவிக்கலாம். எழுத்தை வெட்டும் வடிவமாக மாற்ற நான் எடுக்கும் மென்பொருள் இங்க்ஸ்கேப், அதுவும் இலவசம். களவாக இறக்கிய கோரல்டிராவை விட இது எவ்வளவோ மேல்.

ஃபாண்டை இன்ஸ்டால் செய்து பெயரை டைப் செய்யுங்கள். முதல் எழுத்து மட்டும் கேப்பிட்டல். முழுப் பெயரையும் அப்படி அடித்தால் சுழிகள் ஒன்றோடொன்று சிக்கி வாசிக்கவே முடியாது. எழுத்து இடைவெளி பூச்சியத்திலேயே இருக்கட்டும். "கொஞ்சம் தள்ளித் தள்ளி வைங்க தம்பி" என்று வீட்டார் கேட்டாலும் கூட்டாதீர்கள், அளவைப் பெரிதாக்கிக் கொடுங்கள். ஓர் எழுத்தின் வால் அடுத்ததைத் தொட்டுக்கொண்டு போவதில்தான் இதன் அழகே இருக்கிறது.

அந்தத் தொடுகைதான் வெட்டும்போது ஆளைப் படுத்தும். திரையில் ஒரே கோடாகத் தெரிந்தாலும் ஒவ்வொரு எழுத்தும் தனி வடிவம், ஒன்றின் வால் மற்றதன் மேல் ஏறி நிற்கும். ஸ்டிக்கர் வெட்டும் மெஷினின் பிளேடு இரண்டின் ஓரத்தையும் தனித்தனியாகச் சுற்றி வரும். உரிக்கும்போது இணைப்பில் அரிசி அளவு துண்டு ஒன்று கழன்று, பெயர் அங்கங்கே அறுந்து நிற்கும். தங்க நிற மிரர் ஸ்டிக்கரில் அது பளிச்சென்று தெரியும், ஒட்டிய பிறகு மறைக்கவும் வழியில்லை.

அதனால் முதலில் பெயரை நகல் எடுத்து ஓரமாக வையுங்கள், எழுத்துப்பிழை திருத்த அது வேண்டும். அப்புறம் பாத் மெனுவில் 'ஆப்ஜெக்ட் டு பாத்', பிறகு 'அன்குரூப்', எல்லாவற்றையும் தெரிவு செய்து 'யூனியன்', அது எல்லா எழுத்தையும் ஒரே வடிவமாக இணைத்துவிடும். சரியா என்று பார்க்க, உள்நிறத்தை எடுத்துவிட்டு வெறும் கோடாக வைத்துப் பாருங்கள். இணைப்புகளுக்குள் குறுக்குக் கோடு எதுவும் இருக்கக் கூடாது. மெல்லிய இழைகள் உரிக்கும்போது பிய்யும் போலத் தெரிந்தால் கோட்டைச் சற்றுத் தடிப்பாக்கும் 'அவுட்செட்' ஒரு தடவை அழுத்துங்கள், போதும்.

தமிழ்ப் பெயருக்கு கிரேட் வைப்ஸ் உதவாது, அதில் தமிழ் எழுத்துகளே கிடையாது. நம் நாட்டு தாரிக் அஸீஸ் வடிவமைத்த கவிவனார் என்ற தமிழ் ஃபாண்ட் கையெழுத்துப் போல லேசாகச் சாய்ந்திருக்கும், பக்கத்தில் வைக்கப் பொருத்தமாக இருக்கும். அழைப்பிதழுக்கும் இதே ஜோடியைப் பாவிக்கலாம், ஆனால் பெயர்களுக்கு மட்டும். தோட்டம், டிவிஷன் என்ற முகவரி, முகூர்த்த நேரம் எல்லாம் சாதாரண எழுத்தில் இருந்தால்தான் தாத்தா பாட்டி வாசிப்பார்கள்.

பிறகு சேர்த்தது: கவிவனாருக்கு மாற்றியதும் தமிழ் ஆங்கிலக் குப்பையாகிவிட்டது என்று சிலர் எழுதியிருந்தீர்கள். அச்சகத்தில் தந்த கோப்பு பாமினி என்ற பழைய தமிழ் ஃபாண்டில் அடித்ததாக இருக்கும். பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவத்தை வைத்திருக்கிறது, ஃபாண்டை மாற்றியதும் அடியில் இருப்பது வெளியே வந்துவிடும். முதலில் தமிழ் எழுத்துக்குத் தனி இடம் தரும் யூனிகோடு முறைக்கு மாற்றி, பெயர்களை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்து, அதற்குப் பிறகு ஃபாண்டைத் தொடுங்கள்.