தில்லியிலிருந்து பறக்கும் தூரத்தையும் நேரத்தையும் நாமே கணக்கிடும் முறை

மயூர் விஹாரிலும் ஆர்.கே. புரத்திலும் வசிக்கும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் பெற்றோர் சென்னையிலும் பிள்ளைகள் வெளிநாட்டிலுமாக இருக்கிறார்கள். தூரத்தைக் கணக்கிடத் தெரிந்துகொண்டால், எந்த விமானம் சுற்றிப் போகிறது, வயதானவர்கள் எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருக்க நேரும் என்பதை டிக்கெட் எடுக்கும் முன்பே அறியலாம்.

முதலில் சென்னையை எடுத்துக்கொள்வோம். தில்லி விமான நிலையம் 28.6 பாகை வடக்கு, 77.1 பாகை கிழக்கு. சென்னை விமான நிலையம் 13.0 வடக்கு, 80.2 கிழக்கு. அட்சரேகையில் ஒரு பாகைக்கு 111 கி.மீ. என்பதால், 15.6 பாகை வித்தியாசத்துக்கு 1,732 கி.மீ. வருகிறது. தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிப் போகப் போக நெருங்குவதால், இந்த இரு நகரங்களுக்கு நடுவே ஒரு பாகைக்கு ஏறக்குறைய 104 கி.மீ. என்று கொண்டால் 3.1 பாகைக்கு 322 கி.மீ. ஆகும். இரண்டையும் வர்க்கமாக்கிக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் கிடைப்பது சுமார் 1,760 கி.மீ. தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஓடும் ரயில் பாதையோ ஏறக்குறைய 2,180 கி.மீ. நீளமுடையது.

இனி, தூரத்தை மணிக்கு 850 கி.மீ. என்ற வேகத்தால் வகுத்து, ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லவும் ஏறி இறங்கவும் 40 நிமிடம் சேர்க்க வேண்டும். சென்னைக்கு இரண்டே முக்கால் மணி நேரம் என்று விடை வரும். விமான அட்டவணைகளும் அதை ஒட்டியே இருக்கின்றன.

தொலைதூர நகரங்களுக்கு இந்தக் கணக்கு செல்லாது, ஏனெனில் பூமி உருண்டை. ஒரு பூகோள உருண்டையில் தில்லிக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையே நூலை இழுத்துப் பிடித்தால், அது பசிபிக் கடலைக் குறுக்கே கடக்காமல் வடதுருவத்துக்கு அருகே செல்வதைக் காணலாம். அந்த நூலின் தூரம் சுமார் 12,400 கி.மீ. எனினும் காற்றையும் வான்வெளி அனுமதியையும் பொறுத்து விமானங்கள் பல நாள் வேறு வழியில் பறக்கின்றன.

காற்றின் பங்கு பெரிது. உயரத்தில் வீசும் ஜெட் காற்றோட்டம் மேற்கிலிருந்து கிழக்கே பாய்வதால், 6,700 கி.மீ. தொலைவிலுள்ள லண்டனுக்குப் போகும்போது நேரம் கூடுகிறது, திரும்பும்போது குறைகிறது. வான்வெளித் தடையையும் கவனிக்க வேண்டும்: 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியபோது, தில்லியிலிருந்து மேற்கே செல்லும் இந்திய நிறுவன விமானங்கள் தெற்கே வளைந்து போக வேண்டியதாயிற்று. மற்ற நாட்டு விமானங்களுக்கு அத்தடை இல்லாததால், ஒரே பாதைக்கு இரண்டு நிறுவனங்கள் வெவ்வேறு நேரம் காட்டுவது பிழையன்று.

டிக்கெட்டில் உள்ள நேரங்கள் அந்தந்த ஊரின் உள்ளூர் நேரங்கள் என்பதையும் மறக்கக்கூடாது. பிற்பகல் 2 மணிக்குப் புறப்பட்டு லண்டனை மாலை 6.30-க்கு அடைவதாக இருந்தால், குளிர்காலத்தில் லண்டன் நம்மைவிட ஐந்தரை மணி பின்தங்கியிருப்பதால் அது நமக்கு நள்ளிரவு 12 மணி; ஆகவே பயணம் 10 மணி நேரம். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை அந்த வித்தியாசம் நாலரை மணியாகக் குறைந்துவிடும்.

டிசம்பர், ஜனவரி மாதங்களில் தில்லியின் மூடுபனியால் அதிகாலை விமானங்கள் தாமதமாவது வழக்கம். சென்னையிலிருந்து வந்து இங்கே வெளிநாட்டு விமானத்துக்கு மாறும் பெற்றோருக்கு அம்மாதங்களில் இரண்டு விமானங்களுக்கும் இடையே குறைந்தது ஐந்து மணி நேரமாவது விட்டு டிக்கெட் எடுங்கள். இரண்டையும் ஒரே பதிவில் எடுப்பது இன்னும் நல்லது.