கரடியைக் கண்டால் மரம் ஏறாதீர்கள்

குமுளி, வண்டிப்பெரியாறு பக்கம் மலையேறுகிறவர்களுக்கு இது. கரடி வந்தால் மரத்தில் ஏறிக்கொள்ளலாம் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். தேனுக்காக மரம் ஏறுகிற மிருகம் அது! ஓடவும் கூடாது, நம்மைவிட அது வேகம். நம் ஊர்க் கரடிக்கு மோப்பம் கூர்மை, பார்வை மந்தம். புற்றைத் தோண்டிக் கறையானை உறிஞ்சும் மும்முரத்தில் ஆள் வருவதே அதற்குத் தெரியாது. திடீரென்று கிட்டத்தில் பார்த்தால் மிரண்டு பாய்ந்துவிடும். அதனால் வளைவுகளிலும் புதர் ஓரத்திலும் சத்தமாகப் பேசிக்கொண்டே நடங்கள். காதில் பாட்டு வேண்டவே வேண்டாம். தூரத்தில் தெரிந்தால் முதுகைக் காட்டாமல் மெல்லப் பின்வாங்குங்கள். குட்டியை முதுகில் சுமக்கும் தாய் என்றால் இன்னும் தள்ளியே இருங்கள். மேலே பாய்ந்துவிட்டதா? குப்புறப் படுத்து, முகத்தைத் தரையோடு புதைத்து, கைகளைக் கோர்த்துப் பிடரியை மூடிக்கொள்ளுங்கள். அது விலகிப் போகும்வரை அசையாதீர்கள்.