பாக்டீரியாவை உயிரோடு வேருக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி

பூத்துக்கொண்டிருக்கிற நிலக்கடலைச் செடி ஒன்றை வேர் அறுபடாமல் மண்ணோடு தோண்டி எடுத்துத் தண்ணீரில் மெதுவாக அலசிப் பாருங்கள். வேரில் கடுகு மாதிரி உருண்டை உருண்டையாக ஒட்டியிருக்கும். ஒன்றை எடுத்து நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக, ரத்தம் கசிந்த மாதிரி இருக்கும். அந்த நிறத்துக்குக் காரணம் லெக்ஹீமோகுளோபின், நம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினுக்குச் சொந்தக்காரப் புரதம். சிவப்பாக இருந்தால் உள்ளே ரைசோபியம் என்ற பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். வெள்ளையாக இருந்தால் இன்னும் தொடங்கவில்லை, பச்சையாக இருந்தால் ஓய்ந்துவிட்டது.

ரைசோபியம் முடிச்சு கட்டுவதால் நம் கண்ணில் படுகிறது. முடிச்சே கட்டாமல் வேர், தண்டு, இலை, விதை என எல்லாவற்றிலும் செல்களின் இடுக்கில் சத்தமில்லாமல் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் ஏராளம். 1988-ல் பிரேசிலில் கரும்புக்குள்ளிருந்து பிரித்தெடுத்த குளுக்கோனசிட்டோபாக்டர் அப்படிப்பட்டதுதான். சில, ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோனைச் சுரந்து பக்கவேர்களைப் பெருக்கும். எனக்கு மிகவும் பிடித்தது இன்னொரு வேலை. தண்ணீர் இல்லாமல் செடி தவிக்கும்போது எத்திலீன் என்ற ஹார்மோன் அதிகமாகச் சுரந்து வேர் வளர்ச்சி நின்றுபோகும், இலை பழுக்கும். இந்தப் பாக்டீரியாக்களில் சில, எத்திலீன் உருவாகத் தேவையான மூலப்பொருளையே உடைத்துத் தின்றுவிடும். எத்திலீன் குறைவதால் வேர் இன்னும் கொஞ்ச நாள் கீழே இறங்கித் தண்ணீர் தேடும். மழையே இல்லாத வயலை இது காப்பாற்றாது, ஆனால் பத்துப் பதினைந்து நாள் வறட்சியில் வித்தியாசம் தெரியலாம்.

சரி, இதை எப்படி உள்ளே அனுப்புவது? பக்கவேர் வெளியே வரும்போது வேரின் மேல்தோல் லேசாகக் கிழியும், அந்த விரிசல்தான் முக்கியமான வாசல். அதனால் முளைக்கிற வேர் பக்கத்திலேயே பாக்டீரியா காத்திருக்க வேண்டும். வளர்ந்த செடிக்கு வாளி வாளியாக ஊற்றுவதைவிட, விதையில் பாக்டீரியாவைப் பூசும் விதை நேர்த்தியும் நாற்று நனைப்பும் எவ்வளவோ மேல்.

பாக்டீரியாப் பொடியை வாங்கும்போதே எந்தப் பயிருக்கு என்று கேட்டு வாங்குங்கள். நிலக்கடலைக்கான ரைசோபியம் சோயாவுக்கு உதவாது. தானியப் பயிர்களுக்கு அசோஸ்பைரில்லம், நோய்த் தடுப்புக்கு சூடோமோனாஸ் அல்லது பேசில்லஸ் சப்டிலிஸ். காலாவதித் தேதியைப் பாருங்கள், வெயிலில் கிடந்த பாக்கெட்டைத் தொடவே வேண்டாம். பேசில்லஸ் மட்டும் வித்துகளாக மாறிச் சூட்டைத் தாங்கும். மற்றவை செத்துப்போகும், ஆனால் பொடியைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது.

விதை நேர்த்திக்கு சூடோமோனாஸ் பொடி என்றால் கிலோ விதைக்கு 10 கிராம் போதும், மற்றவற்றுக்குப் பாக்கெட்டில் உள்ள அளவைப் பின்பற்றுங்கள். கஞ்சியில் பொடியைக் குழைத்து விதையில் கலக்கிறோம். அந்தக் கஞ்சி முழுக்க ஆறியிருக்க வேண்டும், விரல் வைத்தால் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். ஒரு முறை அவசரத்தில் வெதுவெதுப்பாக இருக்கும்போதே கலந்துவிட்டேன், அந்தப் பாத்தியில் முடிச்சைத் தேடித் தேடிப் பார்த்தும் அங்கொன்று இங்கொன்றாகத்தான் இருந்தது. கையால் அழுத்திப் பிசையவும் வேண்டாம், அதிலும் நிலக்கடலையின் தோல் சட்டென்று உரிந்துவிடும். சாக்கில் பரப்பி, இரண்டு பக்கமும் பிடித்து உருட்டி உருட்டி விட்டால் ஒவ்வொரு விதையிலும் மெல்லிசாகப் பூச்சு ஏறும். நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி அன்றைக்கே விதைத்துவிடுங்கள்.

நாற்றாக நடுவதென்றால் பாக்டீரியாக் கரைசலில் வேரை 15 முதல் 30 நிமிடம் நனைத்து எடுத்து உடனே நடலாம். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை மட்டும் இதற்குப் பயன்படுத்த வேண்டாம்.

பூஞ்சாணக் கொல்லியும் போட வேண்டுமென்றால் அதை முதலில் போட்டு, 24 மணி நேரம் கழித்து பாக்டீரியாவைக் கலக்கவும். தாமிரம் கலந்த மருந்தும், பாக்டீரியாவைக் கொல்லும் ஸ்ட்ரெப்டோமைசினும் கூடவே கூடாது. அப்புறம் நைட்ரஜன் உரமான யூரியா. அள்ளிப் போட்டால் செடி முடிச்சு கட்டுவதையே குறைத்துக்கொள்ளும், கையில் சோறு இருக்கும்போது யார் உலை வைப்பார்கள்.

மெத்தைலோபாக்டீரியம் என்ற பாக்டீரியாவை மட்டும் இலை வழியாகக் கொடுக்கலாம். இலை வளரும்போது வெளியேறும் மெத்தனாலைத் தின்று வாழ்வது அது. லிட்டருக்கு 10 மில்லி கலந்து, வெயில் இறங்கிய பிறகு தெளிக்க வேண்டும்.

எல்லாம் செய்தாலும் இரண்டு வரிசையை நேர்த்தி செய்யாமல் விட்டுவையுங்கள், அதே விதை, அதே நாள். நேர்த்தி செய்யாத விதையை முதலில் விதைத்துவிடுங்கள், இல்லையென்றால் கையில் ஒட்டிய பாக்டீரியா அங்கேயும் போய்விடும். மண்ணிலேயே போதுமான பாக்டீரியா ஏற்கெனவே இருந்தால் இரண்டும் ஒரே மாதிரி வரும், அப்படி வந்தால் அடுத்த முறை காசு மிச்சம். நிலக்கடலை என்றால் ஒரு மாதம் கழித்து இரண்டு பக்கமும் ஐந்தைந்து செடி தோண்டி, முடிச்சுகளை எண்ணி, கீறி, நிறத்தைக் குறித்து வையுங்கள். விரலால் தள்ளினால் தனியாகக் கழன்று வருவதுதான் முடிச்சு. வேரே வீங்கிக் கிடந்து கழலாவிட்டால் அது நூற்புழு உண்டாக்கிய வீக்கம், அதை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள்.