இறைஞ்சுதல்: எங்கே பொருந்தும், எங்கே உறுத்தும்

"கெஞ்சினான்" என்று எழுதிவிட்டு, பேச்சு வழக்காக இருக்கிறதே என்று அதை அடித்துவிட்டு "இறைஞ்சினான்" என்று மாற்றுகிறவர்கள் உண்டு. கெஞ்சுதலுக்குப் பட்டு உடுத்திவிட்டால் அது இறைஞ்சுதல் ஆகிவிடும் என்ற நினைப்பு. ஆகாது. இரண்டும் வேறு வேறு வேலை செய்கிற சொற்கள்.

இறைஞ்சுதல் என்றால் முதலில் வளைதல், தாழ்தல், தலை கவிழ்தல். வணங்குதலும் பணிந்து வேண்டுதலும் அதிலிருந்து கிளைத்த பொருள்கள். புறநானூற்றின் 17ஆம் பாட்டில் "குலை இறைஞ்சிய கோள் தாழை" என்று வருகிறது. தாழை என்பது அங்கே தென்னை. காயின் பாரம் தாங்காமல் குலை தாழ்ந்து தொங்குகிறது, அவ்வளவுதான். அந்தக் குலை யாரிடமும் எதையும் கேட்கவில்லை.

இது தெரியாததால் நேரும் தவறுதான் பழம்பாடல்களைப் பிழையாகப் படிப்பது. அதிகம் அடிபடுவது 1093ஆம் குறள்:

"நோக்கினாள் நோக்கி இறைஞ்சினாள் அஃதவள்
யாப்பினுள் அட்டிய நீர்."

அவள் பார்த்தாள், பார்த்து எதையோ வேண்டிக்கொண்டாள் என்று இதற்குப் பொருள் சொன்னால் குறளே கெட்டுவிடும். பார்த்தாள், நாணத்தால் தலை கவிழ்ந்தாள். காதல் பயிருக்கு அவள் வார்த்த நீர் அதுவே. வாய் திறந்து ஒரு சொல் கேட்டிருந்தால்கூட இதில் என்ன அழகு மிஞ்சும்?

"இறைவனுக்கு அஞ்சுவதே இறைஞ்சுவது" என்று சொல்லைப் பிளந்து காட்டும் விளக்கமும் உலவுகிறது. மேடையில் கைதட்டல் வாங்கும். தென்னங்குலை எந்த இறைவனுக்கு அஞ்சியது என்று கேட்டால் பதில் இருக்காது.

இன்றைய எழுத்தில்தான் பெரிய குழப்பம். ஒருவர் இன்னொருவரிடம் உருகிக் கேட்கிறார் என்பதை எந்தச் சொல்லால் எழுதுகிறோமோ, அந்தச் சொல் அந்த இருவரில் ஒருவரை ஏற்றவோ இறக்கவோ செய்துவிடுகிறது. "கெஞ்சினார்" என்றால் கேட்பவர் இறங்கிவிடுகிறார். "கெஞ்சினால் மிஞ்சுவார், மிஞ்சினால் கெஞ்சுவார்" என்ற பேச்சிலேயே அந்த இளக்காரம் இருக்கிறது. "இறைஞ்சினார்" என்றால் கேட்கப்படுபவர் உயர்ந்துவிடுகிறார். எதிரே இருப்பது தெய்வமோ அதற்கு இணையான ஒருவரோ என்ற தொனி வந்துவிடும். மகனை விட்டுவிடச் சொல்லி ஒரு தாய் அதிகாரியின் காலில் விழுகிறாள் என்று வையுங்கள். "அதிகாரியை இறைஞ்சினாள்" என்று எழுதினால், எழுதியவர் அறியாமலேயே அந்த அதிகாரிக்குப் பீடம் போட்டுவிடுகிறார். "கெஞ்சினாள்" என்றால் அவள் சிறுத்துப் போகிறாள். அங்கே "மன்றாடினாள்" என்பதே சரி என்பேன்.

ஏனென்றால் மன்றாடுதல் மன்றத்தோடு ஒட்டிய சொல். வழக்கைப் பலர் முன் எடுத்துச் சொல்லி நியாயம் கேட்பதன் வாடை அதில் இருக்கிறது. எவ்வளவு பணிந்து கேட்டாலும், கேட்க ஓர் உரிமை உண்டு என்ற எண்ணம் அதில் அழியவில்லை. கத்தோலிக்க வழிபாட்டில் இந்தச் சொல் வேரூன்றியிருக்கிறது. மன்றாட்டுகள், மன்றாட்டுமாலை என்றெல்லாம் வழங்குகிறார்கள். அதற்காக, சின்ன விஷயங்களுக்கு இதைச் செலவழிக்கக் கூடாது. விடுமுறை கேட்டு மேலாளரிடம் யாரும் மன்றாடுவதில்லை.

கேட்பவர் யார், கொடுப்பவர் யார் என்று பார்த்துச் சொல்லைத் தேர்வது தமிழுக்குப் புதிதல்ல. "ஈ" என்பது தாழ்ந்தவன் கூற்று, "தா" என்பது ஒத்தவன் கூற்று, "கொடு" என்பது உயர்ந்தவன் கூற்று என்று தொல்காப்பியம் பிரித்தே வைத்திருக்கிறது. நாம் இன்று அந்த மூன்றையும் கலந்துவிட்டோம். அது போகட்டும், உயர்வுதாழ்வை எப்போதும் சுமந்துகொண்டு பேச வேண்டியதில்லை. ஆனால் இறைஞ்சு, மன்றாடு, கெஞ்சு மூன்றும் இன்னும் கலக்கவில்லை. காது பழகியவர்களுக்கு வேறுபாடு உடனே கேட்டுவிடும்.

விண்ணப்பக் கடிதங்களில் "தாழ்மையுடன் பணிந்து இறைஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்" என்று அடுக்குவதும் வேண்டாம். தாழ்மை, பணிவு, இறைஞ்சுதல் மூன்றும் ஒரே குனிவைத்தான் மூன்று முறை சொல்கின்றன. படிப்பவருக்கு இரக்கம் வராது, சந்தேகம்தான் வரும். "பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்" போதும். விண்ணப்பம் என்ற சொல்லே ஒரு காலத்தில் ஆண்டவன் முன் வைக்கப்பட்டதுதான். திருவிருத்தத்தின் முதல் பாட்டிலேயே நம்மாழ்வார் "அடியேன் செய்யும் விண்ணப்பமே" என்று முடிக்கிறார்.

இனி எழுத்துப் பிழைகள். "இரைஞ்சி" தவறு, வல்லின றகரம்தான். "மண்றாடு" என்றும் எழுதுகிறார்கள். றகரத்துக்கு முன்னால் டண்ணகரம் வரவே வராது, றன்னகரம்தான் வரும். "இறைஞ்சி கேட்டான்" என்பதில் ஒற்று விடுபட்டிருக்கிறது. இகரத்தில் முடியும் வினையெச்சம் என்பதால் "இறைஞ்சிக் கேட்டான்" என்று வர வேண்டும். வேற்றுமை உருபையும் கவனியுங்கள். "இறைவனை இறைஞ்சினான்" என்பது பழைய முறை, "இறைவனிடம் இறைஞ்சினான்" இன்றைய வழக்கு. "இறைவனுக்கு இறைஞ்சினான்" என்பது இரண்டிலும் சேராது.

எல்லாவற்றையும் விட ஆபத்தானது இரத்தலும் இறத்தலும். பிச்சை கேட்பது இடையின ரகரம், உயிர் விடுவது வல்லின றகரம். "பகைவனிடம் உயிர்ப்பிச்சை இரந்தான்" என்று எழுத வந்தவர் றகரத்தைப் போட்டுவிட்டால், பகைவன் மனமிரங்கும் முன்பே ஆள் போய்விடுவான்.