விளம்பரம் தடுக்கும் பிரவுசர்: எதை எடுப்பது, எப்படி அமைப்பது?

அம்மாவின் போனில் வத்தக்குழம்பு செய்முறை ஒன்றைத் திறந்தேன். புளி எவ்வளவு என்று பார்ப்பதற்குள் கீழிருந்து ஒரு வீடியோ விளம்பரம் ஏறி வந்தது. மூலையில் கடுகளவு இருந்த பெருக்கல் குறியைத் தொடப் போனால், விரல் விளம்பரத்தின் மேலேயே பட்டு ஏதோ லோன் ஆப் பக்கம் திறந்துகொண்டது. "இதுக்குத்தான் நான் போன்ல எதையும் பாக்கிறதே இல்ல" என்றார் அம்மா. அன்று அவருடைய ஆண்ட்ராய்டு போனில் செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பிரவுசரில் இருக்கும் இன்காக்னிட்டோ, அதாவது ரகசிய உலாவல் முறை, இதற்கு உதவாது. பார்த்த பக்கங்களின் பட்டியலை அது போனில் வைத்துக்கொள்ளாது, அவ்வளவுதான். விளம்பரம் வழக்கம்போல வரும்.

படி 1: எது வேண்டும்?

பார்க்க வேண்டிய பிரவுசர்கள் மூன்று: ஃபயர்பாக்ஸ், விவால்டி, பிரேவ். ஃபயர்பாக்ஸ், நாம் எங்கெங்கே போகிறோம் என்று பின்தொடரும் டிராக்கர்களில் பலவற்றைத் தானே தடுக்கும். விளம்பரத்தைத் தடுக்க ‘யூபிளாக் ஆரிஜின்’ என்ற இலவச ஆட்-ஆனை (பிரவுசரோடு கூடுதலாக இணைக்கும் சின்ன நிரல்) நாம் சேர்க்க வேண்டும். போனிலும் அது அருமையாக வேலை செய்கிறது. நான் பயன்படுத்துவது இதைத்தான். விவால்டியில் 2020 முதல் தடுப்பான் உள்ளேயே இருக்கிறது, ஆனால் எந்த அளவு தடுக்க வேண்டும் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும்.

பிரேவ் நிறுவியவுடனேயே தடுக்கத் தொடங்கிவிடும். வலைப்பக்கங்களில் பயன்படும் ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியை உருவாக்கிய பிரெண்டன் ஐக் தொடங்கிய நிறுவனம் அது. குரோமுக்கு அடித்தளமான குரோமியம்தான் இதற்கும் என்பதால் பழகுவதில் சிரமம் இல்லை. குறை இல்லாமலும் இல்லை: சில கிரிப்டோ தளங்களின் முகவரியைத் தட்டும்போது தனக்குக் கமிஷன் தரும் இணைப்பை அது சேர்த்தது 2020-இல் வெளியே தெரிந்து, மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தது. அது தெரிந்தும், ஆட்-ஆன் என்றால் என்னவென்றே கேட்பவர்களுக்கு நான் பிரேவைத்தான் சொல்வேன். அம்மாவுக்கும் அதுதான்.

படி 2: நிறுவுதல்

பிளே ஸ்டோரில் மட்டும் எடுங்கள். வெளியிட்டது ‘பிரேவ் சாஃப்ட்வேர்’தானா என்று பாருங்கள். முதல் முறை திறக்கும்போது பயன்பாட்டுத் தகவல் அனுப்பலாமா என்று கேட்டால் டிக்கை எடுத்துவிடுங்கள். அதில் இருக்கும் கிரிப்டோ சார்ந்த ரிவார்ட்ஸ், வாலட் பக்கமே போக வேண்டாம்.

படி 3: டிஃபால்ட் ஆக்குதல்

பலரும் விட்டுவிடுவது இதைத்தான். போன் செட்டிங்ஸில் ஆப்ஸ், அதற்குள் டிஃபால்ட் ஆப்ஸ், அதில் பிரவுசர் என்று போய் பிரேவைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் வாட்ஸ்அப்பில் வரும் லிங்க் எல்லாம் பழைய பிரவுசரிலேயே திறக்கும்.

படி 4: சிங்கத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

முகவரிப் பட்டையில் ஒரு சிங்கத் தலை தெரியும். அதைத் தொட்டால் அந்தப் பக்கத்தில் எத்தனை தடுக்கப்பட்டன என்று எண் காட்டும். தடுப்பான் விளம்பரத்தை வரவிட்டு மறைப்பதில்லை. பெரும்பாலும் விளம்பர சர்வருக்குப் போகும் கோரிக்கையையே நிறுத்திவிடுகிறது. அதனால் பக்கம் சீக்கிரம் திறக்கும், டேட்டாவும் மிச்சம்.

‘ஸ்டாண்டர்ட்’ நிலையில் ஒரு தளம் தானே காட்டும் சில விளம்பரங்கள் தப்பிவிடும். அவையும் போக வேண்டுமென்றால் செட்டிங்ஸில் ‘அக்ரெசிவ்’ என்று மாற்றலாம். நான் அம்மாவுக்கு மாற்றவில்லை. கடுமை கூடக்கூடச் சில தளங்கள் முரண்டு பிடிக்கும்.

ஸ்டாண்டர்டிலேயே ஒரு முறை அது நடந்தது. பில் கட்டும் பக்கத்தில் ஓ.டி.பி. பெட்டியே வரவில்லை. பணம் போய்விட்டதோ என்று அம்மா பதறிவிட்டார். சிங்கத்தைத் தொட்டு, அந்தத் தளத்துக்கு மட்டும் ஷீல்ட்ஸை (பிரேவின் தடுப்பானுக்கு அதுதான் பெயர்) அணைத்ததும் பெட்டி வந்தது. மற்ற தளங்களில் தடுப்பு அப்படியே இருக்கும்.

படி 5: சோதித்துப் பாருங்கள்

‘கவர் யுவர் டிராக்ஸ்’ என்று தேடுங்கள். டிராக்கர்களிடமிருந்து பிரவுசர் எவ்வளவு காக்கிறது என்று காட்டும் இலவசச் சோதனைப் பக்கம் அது. இணைய உரிமைகளுக்கான எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு அதை நடத்துகிறது. பழைய பிரவுசரில் ஒரு முறை, புதியதில் ஒரு முறை ஓட்டினால் வித்தியாசம் தெரியும்.

இதற்கும் எல்லை உண்டு. நீங்கள் எந்தத் தளங்களுக்குப் போகிறீர்கள் என்பது இன்டர்நெட் கொடுக்கும் நிறுவனத்துக்கு இப்போதும் தெரியும். ஜிமெயிலில் லாகின் செய்தால் நீங்கள் யார் என்று கூகுளுக்கும் தெரியும். பிற ஆப்களுக்குள் வரும் விளம்பரங்களை இது தொடாது. ஃபேஸ்புக்கில் ஒரு லிங்க்கைத் தொட்டால் அதன் உள்ளேயே பக்கம் திறக்கும். அங்கே சிங்கம் இல்லை. மூன்று புள்ளியைத் தொட்டு, வெளிப் பிரவுசரில் திறக்கச் சொல்லுங்கள். அம்மாவுக்கு இது மட்டும் இன்னும் பழகவில்லை, போனை என்னிடம்தான் நீட்டுகிறார்.